ஒரு காசு... மூணு லைஃப்! மொபைல் கேம்களுக்கெல்லாம் தாத்தாவான ஆர்கேட் மெஷின்களின் கதை

'இன்னும் ஒரே ஒரு கேம், அப்புறம் தூங்கிடலாம்' என்று ஆரம்பித்து, மொபைலைக் கீழே வைக்கும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும். நம்மில் பலருக்கும் பழக்கமான கதைதான். லைஃப் தீர்ந்துபோச்சா? அரை மணி நேரம் காத்திருங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையா? காசு கட்டுங்கள். அதுவும் வேண்டாமா? விளம்பரம் பாருங்கள். எப்படியோ நம்மை மறுபடியும் உள்ளே இழுத்துவிடுவார்கள்.

இந்த 'மூணு லைஃப்', 'லெவல்', 'ஹை ஸ்கோர்', 'கன்டினியூ' எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இதில் பெரும்பாலானவை, ஆளுயரத்துக்கு நிற்கும் மரப்பெட்டிகளில் வளர்ந்தவை. முன்பக்கம் ஒரு டிவி, ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு மூன்று பட்டன்கள், கீழே காசு போட ஒரு துளை. அதுதான் ஆர்கேட் மெஷின்.

அந்தப் பெட்டியில் முக்கியமான பாகம் எது என்று கேட்டால், டிவியையோ ஜாய்ஸ்டிக்கையோ சொல்லத் தோன்றும். உண்மையில் அந்தக் காசு போடும் துளைதான். அதை மனதில் வைத்துப் பார்த்தால், பழைய ஆர்கேட் கேம்கள் ஏன் அப்படி இருந்தன என்பது மட்டுமில்லை, இன்று உங்கள் மொபைலில் இருக்கும் கேம் ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

'மெஷின் ரிப்பேர்' என்று வந்த போன்

1971-ல் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்று ஒரு மெஷின் வந்தது. காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களில் கடைகளுக்கு விற்பனைக்கு வந்த முதல் மெஷின் அதுதான். விண்கலத்தைத் திருப்பணும், உந்தணும், சுடணும். ஆடுவதற்கு முன்னால் விளக்கக் குறிப்பைப் படித்தே ஆகணும். பெரிதாக எடுபடவில்லை.

அதை உருவாக்கிய நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் 1972-ல் 'அடாரி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இன்ஜினீயருக்கு, கை பழகட்டும் என்று ஒரு சின்ன வேலை கொடுத்தார் புஷ்னெல். டேபிள் டென்னிஸ் மாதிரி ஒன்று. இரண்டு கோடுகள், ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதுதான் 'பாங்'.

கடையில் வாங்கிய சாதாரண கறுப்பு வெள்ளை டிவியை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் இருந்த 'ஆண்டி கேப்ஸ்' என்ற மதுக்கூடத்தில் வைத்தார்கள். சில நாள்களில் அங்கிருந்து போன் வந்தது, 'மெஷின் வேலை செய்யவில்லை' என்று. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. காசு விழும் டப்பா நிரம்பி வழிந்ததால் அதற்கு மேல் காசு உள்ளே போகவில்லை. அவ்வளவுதான் பிரச்னை!

மதுக்கூடத்தில் போதையோடு இருப்பவருக்கும் பத்தே விநாடியில் புரிந்த கேம் அது. பந்தைத் தவறவிடாமல் அடிக்கணும். வேறு விதியே கிடையாது. 'கற்றுக்கொள்ள சுலபமாக இருக்கணும், கரைகாண கஷ்டமாக இருக்கணும்' என்ற கேம் உலகின் பாலபாடம் புஷ்னெலின் பெயரால்தான் இன்றும் சொல்லப்படுகிறது.

மூன்று நிமிடக் கணக்கு

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கேம் கம்பெனி மெஷினைச் செய்து ஓர் ஆபரேட்டரிடம் விற்கும். ஆபரேட்டர் அதைப் பீட்சா கடையிலோ, மதுக்கூடத்திலோ, தனி ஆர்கேடிலோ கொண்டுபோய் வைப்பார். விழும் காசை அவரும் கடைக்காரரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட். அந்த நாணயத்தை அமெரிக்காவில் 'குவார்ட்டர்' என்பார்கள். நம்ம ஊர் குவார்ட்டர் இல்லை மக்களே, கால் டாலர்! பத்து வருடம் கழித்தும் பெரும்பாலான மெஷின்களில் அதே 25 சென்ட்தான். பழக்கப்பட்ட விலையைத் தாண்டி ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள். 1983-ல் கார்ட்டூன் படம் போலவே ஓடிய 'டிராகன்ஸ் லேர்' 50 சென்ட் கேட்டபோது, அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

விலையை ஏற்ற முடியாது என்றால் வருமானத்தைக் கூட்ட ஒரே வழி, ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான். ஒருவர் ஒரே காசில் அரை மணி நேரம் ஆடினால் மெஷின்காரருக்கு நஷ்டம். இருபது விநாடியில் ஆட்டம் முடிந்துவிட்டால், ஆடியவர் 'ஏமாத்துறாங்க' என்று திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஆக, புதிதாக வருபவர் இரண்டு மூன்று நிமிடத்தில் தோற்கணும். ஆனால், 'இது என் தப்புதான், அடுத்த தடவை ஜெயிச்சிடுவேன்' என்ற நினைப்போடு தோற்கணும். ஆர்கேட் கேம் டிசைனரின் மொத்த வேலையும் இதுதான்.

மூன்று லைஃப் வந்ததும் இதற்காகத்தான். முதல் லைஃபில் கற்றுக்கொள்கிறோம், இரண்டாவதில் ஆடுகிறோம், மூன்றாவதில் பதறுகிறோம். லெவல் ஏற ஏற வேகம் கூடியதும் இதற்காகத்தான். யாரும் ஆடாத நேரத்தில் மெஷின் தானாக ஆடிக்காட்டி, 'காசு போடு' என்று கண்சிமிட்டியதும் இதற்காகத்தான்.

இன்னொரு ரகசியமும் உண்டு. மெஷினின் உள்ளே குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும். 'பேக்-மேன்' மெஷினை எடுத்துக்கொண்டால், ஒரு காசுக்கு 1 லைஃபா, 2-ஆ, 3-ஆ, 5-ஆ என்பதை அந்த சுவிட்சுகளில் மாற்றலாம். போனஸ் லைஃப் 10,000 பாயின்ட்டில் வேண்டுமா, 20,000-த்தில் வேண்டுமா, கொடுக்கவே வேண்டாமா என்பதையும் மாற்றலாம். 'அந்தக் கடையில ஈஸியா இருந்துச்சு, இந்தக் கடையில ஏன் இவ்ளோ கஷ்டம்?' என்று யாராவது புலம்பினால், அது வெறும் பிரமையாக இருக்கணும் என்று அவசியமில்லை.

குறையே அழகான கதை

1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமை வெளியிட்டது. உருவாக்கியவர் டொமொஹிரோ நிஷிகாடோ. ஐந்து வரிசைகளில் மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள் இடமும் வலமுமாக நகர்ந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருவார்கள். நாம் கீழிருந்து சுடணும்.

ஆடியவர்களுக்குத் தெரியும், ஆட்கள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடுவார்கள். கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இது திட்டமிட்டுச் செய்ததில்லை. உள்ளே இருந்த சிப், ஒரு நேரத்தில் ஓர் உருவத்தை மட்டுமே நகர்த்தியது. 55 பேரையும் ஒவ்வோர் அடி நகர்த்தி முடிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். பத்துப் பேர்தான் மிச்சம் என்றால், அதே ஒரு விநாடியில் ஐந்தாறு சுற்று முடிந்துவிடும். மெஷினுக்கு வேலை குறைந்ததால் வந்த வேகம் அது.

நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். ஆட்டம் சூடுபிடித்ததே அதனால்தான். கூடவே, 'டும்... டும்...' என்ற நான்கு ஸ்வரப் பின்னணி ஒலியும் வேகமெடுக்கும். ஆடுபவரின் இதயத் துடிப்பும் சேர்ந்து எகிறும். திரையின் மேலே அதுவரை எடுக்கப்பட்ட அதிகபட்ச ஸ்கோர் தெரியும். அதை முந்தியே ஆகணும் என்று அடுத்த காசு விழும். ஜப்பானில் இந்த ஒரு கேமுக்காகவே தனிக் கடைகள் திறந்தார்கள். 'இதனால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது' என்று இணையத்தில் ஒரு கதை சுற்றும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை.

நான்கு பேய்கள், நான்கு குணம்

1980 மே மாதம் டோக்கியோவில் அறிமுகமானது 'பேக்-மேன்'. நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி உருவாக்கியது. அன்றைய ஆர்கேடுகளில் பெரும்பாலும் சுடும் கேம்கள்தான், கூட்டமும் ஆண்கள் கூட்டம்தான். பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்த இவாடானி, 'சாப்பிடுவது' என்ற விஷயத்தைப் பிடித்தார். ஜப்பானில் அதன் பெயர் 'பக் மேன்'. அமெரிக்காவுக்குப் போகும்போது, முதல் எழுத்தைக் கொஞ்சம் சுரண்டினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயத்தில் 'பேக்-மேன்' ஆனது.

இந்த கேமின் அசல் சூட்சுமம் பேய்களில் இருக்கிறது. பார்க்க நான்கும் ஒன்றுபோல இருந்தாலும் புத்தி வேறு வேறு. சிவப்புப் பேய் பிளிங்கி, நேராக நம்மைத் துரத்தும். இளஞ்சிவப்பு பிங்கி, நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீல நிற இங்கி, நாம் இருக்கும் இடத்தையும் பிளிங்கி இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சு கிளைடு, தூரத்தில் இருக்கும்போது துரத்தும். கிட்டே வந்ததும் பயந்து தன் மூலைக்கே திரும்பிவிடும். முதல் லெவலில் ஏழு விநாடி நான்கும் அவரவர் மூலைக்குப் போகும், அடுத்த இருபது விநாடி துரத்தும். நமக்கு மூச்சுவிடக் கிடைக்கும் இடைவெளி அது.

பேய்களுக்கு இப்படி நிலையான விதிகள் இருந்ததால், ஒரு விஷயம் சாத்தியமானது. ஒரே பாதையில் பிசகாமல் போனால், பேய்களும் அதே மாதிரிதான் வரும். அமெரிக்க இளைஞர்கள் இந்தப் பாதைகளை மனப்பாடம் செய்தார்கள். பாதைகளைப் படம் போட்டு விளக்கும் புத்தகங்கள்கூட விற்றன. கடைசியில் 256-வது லெவலில் லெவல் எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாக மாறிவிடும். அதற்கு மேல் போக முடியாது. எதையும் விடாமல் ஆடி, அங்கே வரை போனால் கிடைக்கும் முழு மதிப்பெண் 33,33,360.

ஒரே காசில், மணிக்கணக்கில்!

ஜெயிக்கிறவனைத் தோற்கடிக்க ஒரு பிசினஸ்

இப்போது மெஷின்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஊரில் பத்துப் பேர் கேமைக் கரைத்துக் குடித்துவிட்டால், அந்த மெஷினின் வருமானம் படுத்துவிடும். ஆர்கேட் உலகம் முழுக்க நடந்தது இந்த இழுபறிதான்.

1979-ல் அடாரி வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' நல்ல உதாரணம். விண்கற்களைச் சுட்டுத் தூளாக்கும் கேம். ஆடுபவர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு சின்னக் கல்லை உடைக்காமல் விட்டுவிட்டு, அவ்வப்போது வரும் பறக்கும் தட்டை மட்டும் சுட்டுப் பாயின்ட் குவித்தார்கள். போனஸ் லைஃப் மேல் லைஃபாகச் சேர, ஒரே காசில் மணிக்கணக்கில் நின்றார்கள். அடுத்து வந்த 'ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்' பதிப்பில், அந்தத் தந்திரம் பலிக்காதபடி பறக்கும் தட்டுகளை மாற்றினார்கள்.

எம்.ஐ.டி மாணவர்களான டக் மெக்ரே, கெவின் கரன் இருவரும் கல்லூரி வளாகத்தில் ஆர்கேட் மெஷின்கள் வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சக மாணவர்கள் 'மிசைல் கமாண்ட்' கேமில் தேறிவிட்டதும் வருமானம் இறங்கியது. புது மெஷின் வாங்குவதற்குப் பதிலாக, பழைய மெஷினுக்குள் சொருகினால் கேம் கடினமாகிவிடும் ஒரு சர்க்யூட் போர்டைத் தயாரித்து மற்ற ஆபரேட்டர்களுக்கும் விற்றார்கள். அடாரி வழக்குப் போட்டது, பிறகு சமாதானமானது. அடுத்ததாக அந்தக் குழு பேக்-மேனுக்குச் செய்த போர்டுதான், 1982-ல் 'மிஸ் பேக்-மேன்' என்ற பெயரில் வெளிவந்து பெரும் ஹிட்டானது. அதில் நான்கு விதமான பாதைகள். பேய்களின் நடமாட்டத்திலும் கொஞ்சம் குலுக்கல். மனப்பாடம் செய்து ஜெயிக்கிற வேலை அங்கே நடக்காது.

விற்காத மெஷினுக்கும் இதே வைத்தியம்தான். நின்டெண்டோவின் 'ரேடார் ஸ்கோப்' கேம் அமெரிக்காவில் ஓடாமல் சுமார் 2,000 பெட்டிகள் கிடங்கில் தேங்கின. அதே பெட்டிக்குள் வேறு கேம் போடலாம் என்று, அதுவரை கேம் எதுவும் வடிவமைத்துப் பழகாத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 1981-ல் பிறந்தது 'டாங்கி காங்'. அதில் பீப்பாய்களைத் தாண்டிக் குதிக்கும் 'ஜம்ப்மேன்'தான் பிறகு மரியோ ஆனார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம்

1982 ஜனவரியில் 'டைம்' இதழ் வீடியோ கேம்களை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அமெரிக்கர்கள் ஒரே ஆண்டில் இந்த மெஷின்களில் போட்டது 2,000 கோடி குவார்ட்டர்கள், அதாவது 500 கோடி டாலர் என்றது அந்தக் கட்டுரை.

காசைத் தாண்டியும் அங்கே ஒன்று இருந்தது. நீங்கள் ஆடும்போது முன்பின் தெரியாத நான்கு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அடுத்த ஆட்டம் தனக்கு என்று சொல்ல, திரையின் விளிம்பில் ஒரு நாணயத்தை வைப்பார்கள். வாய் திறக்காமலே வரிசை உருவாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் ஹை ஸ்கோர் பட்டியலில் மூன்று எழுத்தில் பெயர் பதியலாம். 'ஆஸ்டராய்ட்ஸ்' பிரபலமாக்கிய பழக்கம் அது. முகம் தெரியாத அந்த மூன்று எழுத்துக்காரரை முந்துவதற்காகவே மறுநாள் வந்தவர்கள் உண்டு. பல மெஷின்களில் பிளக்கைப் பிடுங்கினால் பட்டியல் அழிந்துவிடும். ஆனாலும் அந்த ஒருநாள் ராஜா பட்டத்துக்கு மவுசு குறையவில்லை.

பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிக்கு மட்டம், பாக்கெட் மணி காலி, கெட்ட சகவாசம் என்று புகார்கள். டெக்சாஸின் மெஸ்கீட் நகரம், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் துணையில்லாமல் ஆடக் கூடாது என்று சட்டம் போட, வழக்கு 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் அரசு 1981-ல் வீடியோ கேம் மெஷின்களையே தடை செய்தது. மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்டு ஊர் 1982-ல் போட்ட தடையை 2014-ல்தான் நீக்கியது. 32 வருடம்!

'கன்டினியூ?' - ஆட்டத்தை மாற்றிய கேள்வி

அதுவரை இருந்த ஒப்பந்தம் எளிமையானது. நன்றாக ஆடினால் காசு மிச்சம். திறமைதான் தள்ளுபடி. தோற்றால் ஆட்டம் பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் இருந்துதான்.

1985-ல் வந்த 'கான்ட்லெட்' இதைப் புரட்டிப்போட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். லைஃபுக்குப் பதில் உடல்நலம் ஓர் எண்ணாக இருக்கும். எதிரி தொடவே வேண்டாம், சும்மா நின்றாலும் அது குறைந்துகொண்டே வரும். ஆட்டத்தின் நடுவிலேயே காசு போட்டால் எண் ஏறும். அதாவது, காசு என்பது நுழைவுச் சீட்டாக இருந்தது போய், உயிராகவே மாறிவிட்டது.

எண்பதுகளின் இரண்டாம் பாதியில் 'கன்டினியூ' திரை பல கேம்களிலும் வந்தது. செத்ததும் பத்தில் இருந்து எண்ண ஆரம்பிக்கும். அதற்குள் காசு போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். 1988-ல் வந்த 'நிஞ்ஜா கைடன்' உச்சத்துக்கே போனது. ஹீரோவைக் கட்டிப்போட்டிருப்பார்கள், மேலிருந்து சுழலும் ரம்பம் இறங்கிக்கொண்டிருக்கும். காசு போட்டால்தான் தப்புவார்! பாக்கெட்டைத் துழாவும் சிறுவனுக்கு அந்தப் பத்து விநாடி எப்படி இருந்திருக்கும்?

1991-ல் காப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', தளர்ந்துபோயிருந்த ஆர்கேடுகளுக்கு மறுபடி கூட்டம் சேர்த்தது. இங்கே எதிராளி மெஷின் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆள். ஜெயித்தவர் அப்படியே நிற்பார், தோற்றவர் மறுபடி காசு போடணும். அடிமேல் அடியாகத் தொடரும் 'காம்போ'வைக்கூட உருவாக்கியவர்கள் திட்டமிட்டு வைக்கவில்லை. தற்செயலாக அமைந்ததை அப்படியே விட்டார்கள். இன்று சண்டை கேம்கள் எல்லாம் அந்தத் தற்செயலின் மேல்தான் நிற்கின்றன.

நம்ம ஊர் 'முஸ்தபா'

தொண்ணூறுகளில் இந்த மெஷின்கள் நம்ம ஊர்த் தெருக்களுக்கும் வந்தன. 90'ஸ் கிட்ஸிடம் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்று கேட்டுப்பாருங்கள், விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். 1993-ல் காப்காம் வெளியிட்ட கேம். ஆடக் கிடைத்த நான்கு பேரில் தொப்பி போட்ட முஸ்தபாவை இந்தியப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துப்போக, கேமின் பெயரே அவர் பெயராகிவிட்டது. மூன்று பேர் தோளோடு தோள் இடித்து ஆடலாம். கையில் காசில்லாதவன் பின்னால் நின்று 'டேய், அந்த பாட்டிலை எடு' என்று வழி சொல்வான். அதுவும் ஒரு வகையில் ஆடுவதுதான்.

அந்தக் கடைகள் மூடிய பிறகும் கேம் சாகவில்லை. 1997-ல் வெளியான 'மேம்' என்ற இலவச மென்பொருள், ஆர்கேட் மெஷின்களின் உள்வேலையைக் கம்ப்யூட்டரில் அப்படியே நடத்திக் காட்டியது. பிரவுசிங் சென்டரிலும் வீட்டு கம்ப்யூட்டரிலும் பலர் முஸ்தபாவை மறுபடி சந்தித்தது அப்படித்தான்.

ஏன் மூடினார்கள்?

ஆர்கேடுக்கு ஆள் போனதன் பெரிய காரணம், அங்கே கிடைத்த காட்சி வீட்டில் கிடைக்காது என்பதுதான். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் அந்த வித்தியாசத்தை உடைத்தது. நாம்கோ தன் 'டெக்கன்' ஆர்கேட் மெஷினைச் செய்ததே பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்ட சர்க்யூட்டில்தான். வீட்டில் இருப்பதும் கடையில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று என்றால், யார் காசு போடுவார்கள்?

ஜப்பான் மட்டும் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. அங்கேயும் கொரோனா காலம் பெரிய அடி. ஆர்கேடுக்கே அடையாளமாக இருந்த சேகா நிறுவனம், 2020-ல் தன் ஆர்கேட் தொழிலின் பெரும்பங்கையும், 2022-ல் மிச்சத்தையும் விற்றுவிட்டது. அந்தக் கட்டடங்களில் 'சேகா' பெயர்ப்பலகை இறங்கி 'கிகோ' ஏறியது.

துளை போச்சு, காசு போகலை

காசு போடும் துளை மறைந்ததே தவிர, அதன் யோசனை மறையவில்லை. 'கேண்டி க்ரஷ்' ஐந்து லைஃப் தருகிறது. தீர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம் காத்திருக்கணும், இல்லை வாங்கணும். இது கன்டினியூ திரையின் பேரப்பிள்ளை. ஆனால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் மூன்று வித்தியாசங்கள் உண்டு.

முதல் வித்தியாசம், காசு கண்ணுக்குத் தெரிவது. ஆர்கேடில் நாணயம் கையைவிட்டுப் போகும். பாக்கெட் காலி என்றால் வீட்டுக்குத்தான். மொபைலில் ரூபாய் முதலில் 'ஜெம்' ஆகிறது, ஜெம் 'பூஸ்டர்' ஆகிறது. எவ்வளவு போனது என்பது மாதக் கடைசியில்தான் உறைக்கும்.

இரண்டாவது, திறமையின் மதிப்பு. ஆர்கேடில் திறமை இருந்தால் காசு மிச்சம். இன்று பல கேம்களில் காசு இருந்தால் திறமையே தேவையில்லை.

மூன்றாவது, முடிவு. பேக்-மேன் மெஷின் ஊருக்கெல்லாம் ஒரே மெஷின். உங்களைத் தனியாக அதற்குத் தெரியாது. மொபைல் கேமால், நீங்கள் எந்த லெவலில் தடுமாறுகிறீர்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதை எல்லாம் குறித்துக்கொள்ள முடியும். அதோடு, 'போதும்டா, அடுத்தவனுக்கு விடு' என்று தோளைத் தட்ட முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஆர்கேடும் புனிதமான இடமில்லை. பிள்ளைகளின் காசைக் கறக்கவே செய்த மெஷின்தான் அதுவும். ஆனால், கணக்கு நேருக்கு நேர் இருந்தது. அடுத்த முறை ஒரு கேம் உங்களிடம் காசு கேட்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப்பாருங்கள். இந்த ஒரு முயற்சிக்கு உண்மையில் எத்தனை ரூபாய்? நான் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் இந்தச் செலவு குறையுமா? இது எப்போதாவது முடியுமா? மூன்றுக்கும் பதில் தெளிவாக இல்லையென்றால், உங்கள் முன்னால் இருப்பது கான்ட்லெட்டையும் மிஞ்சிய மெஷின்.

இப்போது ஆடணுமா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 'ஃபன்ஸ்பாட்' என்ற இடத்தில் பழைய மெஷின்களுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. சிகாகோ அருகே 'கேலப்பிங் கோஸ்ட்' ஆர்கேடில் ஒருமுறை நுழைவுக் கட்டணம் கட்டினால் நாள் முழுக்க ஆடலாம். விமானம் ஏற முடியாதவர்களுக்கு, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளம் 2014 முதல் நூற்றுக்கணக்கான ஆர்கேட் கேம்களை பிரவுசரிலேயே தருகிறது.

ஆனால், இலவசமாக ஆடும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். பட்டனைத் தட்டத் தட்ட காசு ஏறும், செத்தாலும் கவலையில்லை. முஸ்தபாவை ஒரே மூச்சில் முடித்துவிடலாம், மனதில் ஒன்றும் ஒட்டாது. அதனால்தான் உலகம் முழுக்க ஆர்கேட் பிரியர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள்: ஒரே ஒரு காசில் கேமை முடிக்கணும், கன்டினியூ கிடையாது. யாரும் கட்டாயப்படுத்தாத விதி அது.

இந்த வாரம் பேக்-மேனைத் திறந்து, ஒரே ஒரு காசு என்று நினைத்துக்கொண்டு ஆடிப்பாருங்கள். முடிந்தால் ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது லைஃப் போகும்போது, அடுத்த ஆட்டம் அவருடையது.